குதிரைச் சவாரி ஹெல்மெட்டைக் கழுவ எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

ஸ்ப்ரே, நுரை, ஈரத்துணி, வாசனைப் பை என்று சவாரி ஹெல்மெட்டைச் சுத்தம் செய்வதற்கென்றே தனியாக விற்கும் பொருட்கள் இணையக் கடைகளில் ஏராளம். அவற்றில் முக்கால்வாசி தேவையில்லாதவை. காசுக்குத் தகுந்த பொருள் என்று சொன்னால் இரண்டுதான்: ஒரு பாட்டில் பேபி ஷாம்பு, உங்கள் மாடலுக்கே உரிய ஒரு மாற்று லைனர், அதாவது தலையைத் தொடும் உள்துணி. மற்றவற்றில் சில வீண் செலவு. சில ஹெல்மெட்டையே கெடுத்துவிடும்.

ஏன் என்று புரிய, ஹெல்மெட்டுக்குள் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். வெளியே ஏபிஎஸ், பாலிகார்பனேட் அல்லது ஃபைபர்கிளாஸ் ஓடு. அதற்குள் இபிஎஸ் எனப்படும் விரிவாக்கிய பாலிஸ்டைரீன். டிவி பெட்டிக்குள் வருமே, அதே தெர்மாகோல் இனம்தான், இது இன்னும் அடர்த்தியானது. விழும்போது நொறுங்கி, அடியின் வேகத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்வது இதன் வேலை. அதற்கும் உள்ளே தலையைத் தொடும் துணியும் பஞ்சும் சேர்ந்த லைனர். அழுக்கு சேர்வது பெரும்பாலும் லைனரிலும் தாடைப்பட்டையிலும்தான். உயிரைக் காப்பதோ தெர்மாகோல். லைனரைச் சுத்தம் செய்கிறேன் என்று தெர்மாகோலைக் கெடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

லைனர் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பராமரிப்பு எளிதா, தலைவலியா என்பது முடிவாகும். ஆகவே வாங்கும்போதே இதைப் பாருங்கள். நிறம், பளபளப்பு எல்லாம் அப்புறம். பிரான்ஸின் சாம்ஷீல்டு நிறுவன ஹெல்மெட்களில் லைனரைத் தனியாகக் கழற்றி 30 டிகிரி நீரில் துவைக்கலாம். ஒரே ஓட்டுக்குள் வெவ்வேறு அளவு லைனர்களைப் பொருத்திக்கொள்ளவும் முடியும். வியர்வை ஊற்றும் ஊர்களில் இது பெரிய வசதி: ஒன்று காயும்போது மற்றொன்றைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் மாற்று லைனர் அதே அளவாக இருக்க வேண்டும். ஓர் அளவு பெரிதானாலும் ஹெல்மெட் தலையில் ஆடும், ஆடும் ஹெல்மெட் விழும்போது இடம் மாறிவிடும். அமெரிக்காவின் ட்ராக்ஸல் விலை குறைந்த மாடல்களிலும் கழற்றித் துவைக்கும் லைனர் தருகிறது. விலைக்கு மதிப்பு என்று பார்த்தால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுவே போதும். டெகாத்லானின் ஃபூகான்ஸா, ஜெர்மனியின் யூவெக்ஸ் போன்றவற்றில் மாடலுக்கு மாடல் வேறுபாடு உண்டு என்பதால், பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் கடையிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள்.

லைனர் ஓட்டோடு ஒட்டியே வரும் பழைய பாணி வெல்வெட் தொப்பிகள் பார்க்க அழகு. போட்டிக் களத்தில் அவற்றுக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஆனால் சென்னை, மதுரை வெயிலில் தினமும் போட அவை ஏற்றவை அல்ல. உள்துணியைக் கழற்ற வழியில்லாததால் ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. நாளாவட்டத்தில் நெற்றிப் பகுதியில் உப்புப் பூத்து, துணி விறைத்து, நூல் வெடிக்கத் தொடங்கிவிடும்.

இனி கழுவும் முறை. லைனரை எடுக்கும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் எது பின்பக்கம் எது என்ற குழப்பம் காய்ந்த பிறகுதான் வரும். வெல்க்ரோவில் ஒட்டியிருக்கும் லைனரை ஒரே இழுப்பில் பிய்க்காதீர்கள். வெல்க்ரோவின் சொரசொரப்பான பாதி தெர்மாகோலில் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். வேகமாக இழுத்தால் அந்த வட்டமும் கூடவே வரும், அதன் அடியில் வெள்ளை மணிகள் சில ஒட்டிக்கொண்டு வரும். அப்படி வந்தால் தெர்மாகோலில் பள்ளம் விழுந்துவிட்டது என்று பொருள். சூப்பர் குளூ போட்டுத் திருப்பி ஒட்டும் வேலை வேண்டாம், அந்தப் பசையே தெர்மாகோலை அரிக்கும். ஒரு கை நகத்தால் வட்டத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் லைனரின் ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தால் இந்தச் சிக்கல் வராது. டிக் பட்டன் உள்ள லைனர் என்றால் பட்டனுக்கு ஒட்டினாற்போலப் பிடித்து விடுவியுங்கள். துணியைப் பிடித்து இழுத்தால் பட்டன் துணியைக் கிழித்துக்கொண்டு வரும்.

ஒரு வாளியில் நான்கு லிட்டர் வெதுவெதுப்பான நீர், கையை விட்டால் சுடக்கூடாது, 30 டிகிரி அளவு. அதில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, பேபி ஷாம்பு. லைனரை முக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விடுங்கள். நெற்றிப் பட்டைப் பகுதியை மட்டும் பழைய மென்மையான பல் துலக்கியால் தேய்க்கலாம். முறுக்கிப் பிழியக்கூடாது. உள்ளே இருக்கும் மெல்லிய பஞ்சு மடிந்து கட்டிபிடித்துவிடும், அப்புறம் அது நேராகாது. நீரை மாற்றி மூன்று முறையாவது அலசுங்கள். கடைசி அலசலிலும் நுரை தெரிந்தால் இன்னொரு முறை. மிச்சமிருக்கும் ஷாம்பு அடுத்த சவாரியில் வியர்வையோடு கரைந்து நேராகக் கண்ணுக்குள் இறங்கும், குதிரைமேல் இருக்கும்போது கண் எரிவது ஆபத்து.

தலையில் எண்ணெய் தேய்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இதையும் கவனியுங்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். ஊட்டியின் குழாய்த் தண்ணீரில் லைனரைக் கழுவினால் வியர்வை உப்பு போகும், எண்ணெய் அப்படியே பஞ்சுக்குள் உறைந்து நிற்கும். இரண்டு வாரத்தில் ஒரு காறல் வாடை வரும். அதற்கு மருந்து வாசனை ஸ்ப்ரே அல்ல, வெதுவெதுப்பான தண்ணீர்தான். ஏற்கெனவே வாடை பிடித்துவிட்டதென்றால் கடைசி அலசலுக்கு முந்தைய நீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேர்த்து ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள். துணி மென்மையாக்கி திரவங்களைச் சேர்க்க வேண்டாம். அவை இழைகளின் மேல் படலமாகப் படிந்து, துணி வியர்வையை உறிஞ்சும் திறனைக் குறைத்துவிடும்.

வாஷிங் மெஷினில் போடலாமா என்றால், லைனரின் சீட்டில் அனுமதி இருந்தால் மட்டும், வலைப் பைக்குள் வைத்து, மென்மையான சுற்றில் 30 டிகிரியில். டிரையர் கூடவே கூடாது.

கழுவுவதைவிட உலர்த்துவதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். லைனரை ஒரு பருத்தித் துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்துவிட்டு, நிழலில் மின்விசிறிக்குக் கீழே விரித்து வையுங்கள். கோடையில் ஓர் இரவு போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு முழுநாள் ஆகும். தொட்டால் காய்ந்தது போலத் தெரிந்தாலும் தையல் ஓரத்தை விரலால் கிள்ளிப் பாருங்கள், ஈரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். அந்த ஈரத்தோடு மாட்டிப் பைக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கறுப்பு நிற லைனரில் அது கண்ணுக்குத் தெரியாது, மக்கல் வாடையில்தான் தெரியும். அவசரத்துக்கு ஹேர் டிரையர் பிடிப்பது, அடுப்பங்கரையில் தொங்கவிடுவது, வெயிலில் நிறுத்திய காருக்குள் வைப்பது எல்லாம் ஹெல்மெட்டுக்கு எமன். பாலிஸ்டைரீன் நூறு டிகிரியை நெருங்கும்போது இளகிவிடும். அதற்கு வெகு முன்பே உள்ளே இருக்கும் பசைகள் தளர்ந்துவிடும். மூடிய காரின் டேஷ்போர்டு நம் ஊர் மே மாதத்தில் எவ்வளவு கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஹெல்மெட் உலர்த்தி வாங்குகிறீர்கள் என்றால் சூடில்லாத காற்றை மட்டும் ஊதும் வகையாகப் பாருங்கள். ஆனால் வீட்டு மின்விசிறி அதே வேலையைச் செய்யும்.

ஹெல்மெட்டின் உட்புறத்தைக் குழாய்க்கு அடியில் காட்டாதீர்கள். தெர்மாகோல் தண்ணீரை அதிகம் குடிக்காது என்பது சரிதான். ஆனால் ஓட்டுக்கும் தெர்மாகோலுக்கும் இடையே புகுந்த நீர் வெளியே வர வழியில்லாமல் நாட்கணக்கில் தங்கும். நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும். மிப்ஸ் எனப்படும், விழும்போது தலை சுழல்வதைக் குறைக்கும் அமைப்பு உள்ள ஹெல்மெட் என்றால் தெர்மாகோலுக்கு மேலே மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்று தெரியும், பெரும்பாலும் மஞ்சள் நிறம். அது எந்தப் பக்கமும் பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் நகர வேண்டும். சறுக்கி நகர்வதால்தான் தலை சுழலும் வேகம் குறைகிறது. விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். நறநறவென்று சத்தம் வந்தால் சவாரிக் களத்து மணல் அடியில் புகுந்திருக்கிறது. கேமரா லென்ஸ் துடைக்க வரும் ரப்பர் காற்றூதியால் ஊதி எடுங்கள். எண்ணெயோ கிரீஸோ போடக்கூடாது, தகட்டைக் கழற்றவும் கூடாது.

தாடைப்பட்டையைப் பெரும்பாலும் ஹெல்மெட்டிலிருந்து கழற்ற முடியாது என்பதால் இங்கே பொறுமை வேண்டும். ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பிடித்து, பட்டையை மட்டும் ஒரு கிண்ணத்துச் சோப்பு நீரில் தொங்கவிட்டு, பல் துலக்கியால் இரு பக்கமும் தேய்த்து, சுத்தமான நீரில் அதே போல அலசுங்கள். வெளுப்பான் எனப்படும் குளோரின் பிளீச் வேண்டவே வேண்டாம். நைலான் இழையை அது பலவீனமாக்கும், வெளியே வெள்ளையாகத் தெரியும் பட்டை உள்ளே நைந்திருக்கும். தோல் பட்டை என்றால் சேணத்துக்குப் போடும் சேடில் சோப்பைக் கொஞ்சமாகப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும். சேணத் தோலை மென்மையாக்க லாயத்தில் இருக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயை இதற்கும் தடவிவிடுகிறார்கள். எண்ணெய் குடித்த தோல் நீண்டு கொடுக்கும், நேற்று சரியாக இருந்த பட்டை இன்று ஒரு துளை தளர்ந்திருக்கும்.

பூட்டுகளிலும் கவனம் தேவை. யூவெக்ஸின் மோனோமேட்டிக் போலப் பல்வரிசை உள்ள பூட்டில், பற்களுக்கு இடையே மணலும் காய்ந்த வியர்வையும் அடைத்தால் கடைசிப் பல் வரை ஏறாது. காதில் விடும் பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடைத்தால் வந்துவிடும். சில உயர்ரக மாடல்களில் வரும் காந்தப் பூட்டில் களத்து மணலின் கறுப்பு இரும்புத் துகள்கள் மீசை போல ஒட்டிக்கொண்டிருக்கும். துணியால் துடைத்தால் அவை இடம் மாறுமே தவிரப் போகாது. செல்லோ டேப்பை ஒற்றி எடுங்கள். பின்மண்டையில் அளவு திருகும் சக்கரம் இறுகினால் உலர்ந்த பல் துலக்கி மட்டும்தான். பூட்டுக்குப் போடும் எண்ணெய் ஸ்ப்ரேயை இங்கே அடித்தால் பெட்ரோலியக் கரைப்பான் வழிந்து தெர்மாகோல்மேல் இறங்கும்.

வெளி ஓட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெல்வெட்டில் சேறு பட்டால் அப்படியே காயவிட்டு, பிறகு துணியின் மயிர்ப் போக்கிலேயே மென்மையான பிரஷால் தட்டுங்கள். ஈரத்தில் தேய்த்தால் கறை உள்ளே போகும். நசுங்கிய வெல்வெட் மயிரை நிமிர்த்தக் கெண்டியின் ஆவியை ஒரு முழம் தள்ளி, சில விநாடி மட்டும் காட்டலாம். மைக்ரோ ஸ்வேட் எனப்படும் மெல்லிய செயற்கைத் தோல் மூடிய ஓட்டுக்கு நன்கு பிழிந்த ஈரத்துணி. மேட் ஓட்டுக்கு வெறும் தண்ணீர் போதும், பாலிஷ் போட்டால் திட்டுத் திட்டாகப் பளபளக்கும், அந்தக் கறை போகவே போகாது. கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தில் அமோனியா இருந்தால் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது.

இப்போது கடைச் சரக்குகளுக்கு வருவோம். வாசனை நீக்கி ஸ்ப்ரேக்கள் வாடையை மூடுகின்றன, காரணமான எண்ணெயையும் உப்பையும் எடுப்பதில்லை. போட்டி நாளில் கழுவ நேரமில்லாதபோது ஒருமுறை அடிக்கலாம். அதுவும் லைனரை வெளியே எடுத்து, அதன்மேல் அடித்து, காயவைத்து மாட்ட வேண்டும். பைக் ஹெல்மெட்டுக்கு விற்கும் உட்புற நுரைகளும் அப்படித்தான், லைனருக்கு மட்டும். பல நகரங்களில் பைக் ஹெல்மெட் சுத்தம் செய்து தரும் கடைகள் ஓசோன் பெட்டி வைத்திருக்கிறார்கள். ஓசோன் ரப்பரையும் எலாஸ்டிக்கையும் வெடிக்கச் செய்யும். சவாரி ஹெல்மெட்டை அங்கே கொடுக்க வேண்டாம். புற ஊதா விளக்குப் பெட்டிகள் மேற்பரப்பைத் தொடும், பஞ்சுக்குள் போகாது. பணம் தண்டம். ஈரத் துடைப்பான்களில் ஆல்கஹால் இல்லாத, வாசனை இல்லாத குழந்தைகள் துடைப்பான் போதும், சவாரி முடிந்ததும் நெற்றிப் பட்டையை ஒரு தடவை துடைக்க நல்லது.

கடைச் சரக்கைவிட ஆபத்து வீட்டு அலமாரியில் இருக்கிறது. வாடைக்கு இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விடுவது நம்மிடம் சாதாரணம். அந்தத் தைலத்தில் உள்ள டெர்பீன்கள் பாலிஸ்டைரீனைக் கரைப்பவை. ஆரஞ்சுத் தோல் எண்ணெய் சேர்த்த ‘இயற்கை’ கறை நீக்கிகளும் அதே குடும்பம். ஆரஞ்சு எண்ணெயில் உள்ள லிமோனீன் தெர்மாகோலைக் கரைத்து மறுசுழற்சி செய்யவே பயன்படுகிறது என்றால் அதன் சக்தியைப் புரிந்துகொள்ளலாம். நம்பவில்லை என்றால் ஒரு துண்டுத் தெர்மாகோல்மேல் ஆரஞ்சுத் தோலைப் பிழிந்து பாருங்கள், குழி விழும். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் நீக்கும் அசிட்டோன் பற்றிச் சொல்லவே வேண்டாம். போட்டிக் கோட்டோடு சேர்த்து ஹெல்மெட்டையும் அலமாரியில் வைத்து அந்துருண்டை போடுகிறவர்கள் உண்டு. நாப்தலீன் ஆவியும் பாலிஸ்டைரீனை இளக்கும். கொசுவுக்கும் ஈக்கும் அடிக்கும் மருந்தில் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும் டீட் என்ற பூச்சிவிரட்டி ரசாயனம் இருந்தால், ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு முகத்தில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். கையில் எடுத்து முகத்தில் தடவி, கையைக் கழுவிவிட்டு ஹெல்மெட்டைத் தொடுங்கள்.

சவாரிப் பள்ளிகளின் பொது ஹெல்மெட்கள் தனிக் கதை. பேன், படர்தாமரை இரண்டும் இவற்றின் வழியாகப் பரவக்கூடியவை. படர்தாமரை குதிரையிடமிருந்தும் மனிதருக்கு வரும். தலையை விட்டு இறங்கிய பேன் இரண்டு நாளுக்கு மேல் பிழைப்பது அரிது. ஆகவே சந்தேகப்பட்ட ஹெல்மெட்டை மருந்தடிப்பதைவிடத் தனியே எடுத்து வைப்பதே சரி, லைனரை மட்டும் ஒரு பையில் கட்டி இரண்டு வாரம் ஒதுக்கலாம். மருத்துவமனையில் போடும் மெல்லிய ஒருமுறைத் தொப்பியை மாணவருக்கு ஒன்று கொடுப்பது மலிவான, நல்ல தீர்வு. தடித்த பந்தானாவோ மடித்த கைக்குட்டையோ கூடாது, ஹெல்மெட்டின் அளவு மாறிவிடும். தினமும் ஓட்டுகிறவர் சொந்த லைனரைக் கோடையில் வாரம் ஒருமுறை, மற்ற மாதங்களில் இரு வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும். பள்ளி ஹெல்மெட்டுக்கு மாற்று லைனர் இல்லாமல் முடியாது.

லைனர் வெளியே இருக்கும் நேரமே ஹெல்மெட்டைச் சோதிக்க நல்ல நேரம். வெளிச்சத்தில் பிடித்து, தெர்மாகோலில் மயிரிழை விரிசல், கட்டைவிரல் அளவுப் பள்ளம், ஓட்டிலிருந்து விலகிய இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பட்டை ஓட்டுக்குள் நுழையும் இடத்தை இழுத்துப் பாருங்கள். ஹெல்மெட்டுக்குள் ஒட்டிய சீட்டில் தயாரிப்புத் தேதியும், ஏஎஸ்டிஎம் எஃப்1163, பிஏஎஸ் 015, விஜி1, இஎன் 1384 போன்ற தரக் குறியும் இருக்கும். அது நனைந்து அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போட்டிகளில் ஹெல்மெட்டைப் பரிசோதிப்பவர்கள் அதைத்தான் தேடுவார்கள். பொதுவான பரிந்துரை ஐந்து ஆண்டில் மாற்ற வேண்டும் என்பது. தினமும் வியர்வையில் ஊறும் ஹெல்மெட்டை அதற்கு முன்பே மாற்றலாம். தலை தரையில் மோதி விழுந்திருந்தால் வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் அதன் கதை முடிந்தது. அதைக் குப்பையில் போடும் முன் தாடைப்பட்டையைக் கத்தரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் லாயத்தில் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.